எலும்புக்கூட்டுக்குச் சட்டை!

தொப்பூரில் பிரிந்து, மேட்டூர் வழியாகப் பவானிக்குப் போகிற சாலை உங்களுக்குத் தெரியுமா? சில வருடங்களுக்கு முன்பு அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருந்தால், இந்தக் காட்சியை ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். உங்கள் பஸ்ஸை ஓவர்டேக் செய்துகொண்டு ஒரு எலும்புக்கூடு போகும்! இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், ஒரு இன்ஜின், ஆறு சக்கரம், ஒரு ஸ்டீயரிங்... அவ்வளவுதான். கதவு கிடையாது. கூரை கிடையாது. சும்மா ஒப்புக்கு வைத்த ஸீட்டில், தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். வெயிலோ, மழையோ, முகத்தில் வந்து மோதும் பூச்சியோ, எல்லாம் அவருக்குத்தான். ஜன்னலோரக் குழந்தைகள் கையாட்டினால், அவரும் சிரித்தபடி கையாட்டுவார்.

அந்த எலும்புக்கூட்டுக்கு 'சேஸ்' என்று பெயர். தொழிற்சாலையில் பிறந்து, சட்டை போட்டுக்கொள்வதற்காக அது போய்ச் சேர்கிற இடம் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, சேலம் என்று இந்த வட்டாரத்தில் இருக்கிற ஏதாவது ஒரு லாரிப் பட்டறை. 'பாடி கட்டுறது' என்பார்கள். வீடு கட்டுவது மாதிரி, ரதம் கட்டுவது மாதிரி... நம்மூரில் லாரியையும் 'கட்டத்தான்' செய்தார்கள்!

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் உலகம் முழுக்க இப்படித்தான் நடந்தது. ஹங்கேரியில் 'கோச்' என்றொரு கிராமம். 15-ம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் அவ்வளவு பிரபலம். ஊர்ப் பெயரே வண்டியின் பெயராகி, இன்று ரயில் பெட்டியைக்கூட நாம் 'கோச்' என்கிறோம். பிறகு மோட்டார் கார் வந்தபோது இன்ஜினும் சட்டமும் ஒரு கம்பெனி செய்யும், மேலே உடம்பைக் கட்டுவது பழைய குதிரை வண்டித் தச்சர். சென்னை சிம்ப்ஸன் கம்பெனி 1840-ல் ஆரம்பித்தது குதிரைச் சேணத்துக்கும் சாரட்டுக்கும்தான். அதே கம்பெனியில்தான் 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் காரைக் கட்டினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார்!

சரி, அந்தத் தச்சர்களெல்லாம் எங்கே போனார்கள்?

வில்லன் மாதிரி வந்து சேர்ந்தது பிரஸ் மெஷின். அமெரிக்காவில் எட்வர்டு பட் என்பவர், மரச்சட்டமே இல்லாமல் முழுக்க எஃகுத் தகட்டை அழுத்தி கார் உடம்பு செய்யும் வித்தையைக் கண்டுபிடித்து, 1914 வாக்கில் டாட்ஜ் கம்பெனிக்கு விற்க ஆரம்பித்தார். 1934-ல் பிரான்ஸின் சிட்ரோயன் இன்னும் ஒரு படி மேலே போனது. 'சேஸ் தனி, உடம்பு தனி என்பதே எதற்கு? உடம்பே எலும்பாகவும் இருக்கட்டும்!' என்று ஒரு காரைப் பெரிய அளவில் தயாரித்து விற்றது. அதே 1934-ல்தான் இங்கே மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்பது ஒரு சுவாரஸ்யமான தற்செயல்! அப்புறம் கார் உலகில் தச்சருக்கு வேலை படிப்படியாகக் குறைந்தது.

ஆனால், கைவேலை அவ்வளவு லேசில் சாகாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்கள் கையில் கொஞ்சம் காசு, கொஞ்சம் மெக்கானிக் அறிவு. 1932-ல் ஃபோர்டு வெளியிட்ட வி-8 கார்கள் பழைய சாமான் விலைக்குக் கிடைத்தன. வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள், கூரையை அறுத்து இறக்கினார்கள், இன்ஜினை முறுக்கேற்றினார்கள், கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிகளில் சீறவிட்டார்கள். அதற்குப் பெயர் 'ஹாட் ராடு'. 1948 ஜனவரியில் இதற்கென்றே ஒரு பத்திரிகையும் வந்துவிட்டது.

இன்றைக்கும் அங்கே அது லட்சங்களை விழுங்குகிற பொழுதுபோக்கு. ஹாட் ராடு கட்டுபவரைத் தூங்கவிடாத பிரச்னை இன்ஜின்கூட இல்லை... உடம்புத் தகடுகளைப் பொருத்துவதுதான்!

நீங்களே கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முன் சட்டம் ஒரு காரிலிருந்து, கதவு இன்னொன்றிலிருந்து, பின்பக்கத் தகடு மூன்றாவதிலிருந்து. ஆசையாகக் கதவை மாட்டிச் சாத்தினால், மேலே விரல் நுழைகிற இடைவெளி, கீழே தகட்டோடு தகடு உரசும். கதவு மேல் தப்பு என்று அதைத் தட்ட ஆரம்பித்தால் தொலைந்தீர்கள்! தப்பு பெரும்பாலும் கதவில் இருக்காது, அடியில் இருக்கும். முதலில் சேஸ் மட்டமாக நிற்க வேண்டும், அதுவும் இன்ஜின் எடையோடு. பிறகு கதவு தொங்கப்போகிற முன்பக்கச் சட்டத்தை ரப்பர் வைத்து, தேவையான இடத்தில் மெல்லிய தகடு செருகி உட்காரவைக்க வேண்டும். அதைப் பார்த்துக் கதவு, கதவைப் பார்த்துப் பின் தகடு, கடைசியில் பானெட். எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற வரை எந்த போல்ட்டையும் முழுசாக முறுக்கக் கூடாது. ஒரு போல்ட்டை இறுக்கினால், அந்தக் கோடியில் ஒரு கதவு கோணிக்கொள்ளும். கூட்டுக் குடும்பம் மாதிரிதான்!

இந்த வித்தையை அமெரிக்கர் பொழுதுபோக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, நாமக்கல் பக்கத்தில் அதையே வயிற்றுப்பிழைப்பாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஏன் இந்த ஊர்களில்? மேட்டூரில் தேங்குகிற தண்ணீரில் பெரும்பங்கு ஓடுவது தஞ்சாவூருக்கு. சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் மேட்டூரின் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் நனைப்பது சுமார் 45,000 ஏக்கர்தான். மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, மாட்டை விற்று லாரி வாங்கினவர்கள் இங்கே ஏராளம். வடக்கையும் தெற்கையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை வேறு வாசலிலேயே போகிறது. லாரி பெருகினால் பட்டறை பெருகாதா? ஆசாரி, டிங்கர், வெல்டர், பெயின்டர் என்று ஒரு வண்டிக்கு ஒரு கிராமமே வேலை செய்தது.

அவர்கள் தீர்த்த கணக்கு ஹாட் ராடைவிடக் கஷ்டமானது. லோடு ஏற்றிய லாரியின் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், சேஸ் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி லேசாக முறுக்கிக்கொள்ளும். மேலே இருக்கிற பாடியை அசையாமல் பற்றவைத்திருந்தால், இரண்டே மாதத்தில் மூலைக்கு மூலை விரிசல். அதனால் சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே நீளமாக மரம் கொடுத்து, 'யூ' போல்ட் போட்டுக் கவ்வவைப்பார்கள். சட்டம் அசையும், மரம் அந்த அசைவைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எந்த இன்ஜினீயரிங் காலேஜிலும் படிக்காத ஆசாரி, 'வண்டி மூச்சு விடணும் சாமி' என்கிற மாதிரி ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுவார்.

கேபினும் அப்படித்தான். ஸீட்டுக்குப் பின்னால் படுக்க ஒரு பலகை, சாமி படத்துக்கு ஒரு மாடம், தண்ணிக் கேனுக்கு ஒரு இடம்... மாசத்தில் பாதி நாள் அதிலேயே குடியிருக்கப்போகிற மனிதனுக்கு, அளவெடுத்துத் தைத்த சட்டை!

இங்கேதான் நாம் நெஞ்சில் கைவைத்து ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அழகான சட்டை, சரி... கவசமாக இருந்ததா?

இல்லை. மரச்சட்டமும் மெல்லிய தகடும், முன்னால் நிற்கிற வண்டியில் மோதினால் எவ்வளவு தாங்கும்? திடீரென்று பிரேக் போட்டால் பின்னாலிருந்து இரும்புக் கம்பி லோடு கேபினுக்குள்ளேயே வரும். ஐரோப்பாவில் 1970-களிலேயே லாரி கேபினுக்கென்று ஐ.நா. விதி ஒன்று வந்துவிட்டது. சுமார் ஒன்றரை டன் ஊசல் ஒன்றை ஆட்டி முன்பக்கம் மோதவிடுவார்கள். கூரையை அமுக்குவார்கள், பின் சுவரைத் தள்ளுவார்கள். இத்தனைக்குப் பிறகும், டிரைவர் அளவுள்ள ஒரு பொம்மை நசுங்காமல் உட்கார உள்ளே இடம் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபெயில்! கண்ணளவில் கட்டிய கேபின் எதையும் யாரும் அப்படி இடித்துப் பார்த்ததில்லை. நெடுஞ்சாலைதான் இடித்துப் பார்த்தது. உள்ளே இருந்தது பொம்மையும் அல்ல.

இந்தியாவிலும் அதே வழியில் கேபின் சோதனைகளும் லாரி பாடிக்கான விதித்தொகுப்பும் வந்தன. தொழிற்சாலையிலிருந்தே எஃகு கேபினோடு லாரிகள் வர ஆரம்பித்தன. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புது லாரிகளின் கேபினில் 2025 முதல் ஏ.ஸி-யும் கட்டாயம் என்று மத்திய அரசு சொன்னது. துண்டு கட்டி வெயிலில் வந்தவரின் வாரிசுக்கு ஏ.ஸி! இதை யாராவது வேண்டாமென்பார்களா?

ஆக, சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேபின் பட்டறையை விட்டுப் போனது நல்லதுதான். ஆனால், 'பழைய காலத்து வேலை' என்று அந்தக் கைகளையும் சேர்த்து ஒதுக்கினால் அது அநியாயம். கேபின்தான் போயிற்றே தவிர, பின்னால் இருக்கிற உடம்பு இன்னும் பட்டறையில்தான் பிறக்கிறது. சிமென்ட்டுக்கு ஒரு மாதிரி, முட்டைக்கு ஒரு மாதிரி, காஸுக்கு ஒரு மாதிரி என்று லோடுக்கு லோடு மாறுகிற உடம்பை ஒரே அச்சில் அடித்துத் தள்ள முடியாது. அமெரிக்காவில் இதே வேலையைச் செய்கிறவருக்குப் பத்திரிகை அட்டையில் போட்டோ. இங்கே, நெடுஞ்சாலையோரம் வெல்டிங் பொறி பறக்க நிற்கிறவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நீங்கள் ஹாட் ராடு கட்டிப் பார்க்கலாமா என்று ஆசைப்பட்டால், ஒரு எச்சரிக்கை! கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற நம் மோட்டார் வாகனச் சட்டம் விடாது. 2019-ல் திருத்திய சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில்கூட உண்டு.

அதற்குப் பதில், அடுத்த தடவை சேலத்திலிருந்து நாமக்கல் போகும்போது முன்னால் போகிற லாரியின் பின்கதவைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக ஒரு கோடு தெரியும். ஒரு மனிதர் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்த கோடு அது.

ஹார்ன் அடிப்பதற்கு முன்னால், அதற்கு ஒரு சின்ன சல்யூட் அடியுங்கள்!