பாட்டி வீட்டு முகவரி

90210. லாட்டரிச் சீட்டு எண் மாதிரி இருக்கிறதா? ஒரு விதத்தில் அப்படித்தான். அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸ் என்கிற கோடீஸ்வரர்கள் ஊரின் பின்கோடு அது. அதையே தலைப்பில் வைத்து, 1990 அக்டோபர் 4 அன்று ஒரு டி.வி. தொடர் ஆரம்பமானது: ‘பெவர்லி ஹில்ஸ், 90210’.

கதை சிம்பிள்தான். மினியாபோலிஸ் நகரத்து நடுத்தரக் குடும்பம் ஒன்று, அப்பாவின் வேலைக்காக பெவர்லி ஹில்ஸுக்குக் குடிவருகிறது. பிராண்டன், பிரெண்டா என்று இரட்டைப் பிள்ளைகள். அவர்கள் சேர்கிற ஹைஸ்கூலில் பசங்க போர்ஷே காரில் வந்து இறங்குகிறார்கள்!

தயாரிப்பாளர் ஆரோன் ஸ்பெல்லிங். ‘டைனஸ்டி’ எடுத்தவர். பணக்கார பங்களாக்களுக்குள் கேமராவை நுழைப்பதில் மன்னன். இத்தனைக்கும் அவர் டல்லாஸில் வளர்ந்த ஏழைத் தையற்காரர் மகன். தொடரை உருவாக்கியவர் டேரன் ஸ்டார். அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை.

ஒளிபரப்பிய ஃபாக்ஸ், 1986-ல் பிறந்த குட்டி நெட்வொர்க். எதிரே அதே வியாழன் இரவில் என்.பி.சி.யின் சூப்பர் ஹிட் ‘சியர்ஸ்’. 90210-ஐச் சீந்த ஆளில்லை. ஃபாக்ஸ் ஒரு வியாபாரத் தந்திரம் செய்தது. அமெரிக்க டி.வி.யில் கோடைக்காலம் என்றால் மறு ஒளிபரப்புதான். பசங்களுக்கோ லீவு, வீட்டில்தான் இருப்பார்கள். 1991 ஜூலையில் மற்றவர்கள் பழசையே ஓட்டிக்கொண்டிருக்க, ஃபாக்ஸ் புத்தம்புது எபிசோடுகளை இறக்கியது. பிய்த்துக்கொண்டு போனது! 2000 மே வரை பத்து சீசன்.

இந்த வெற்றிக் கதையின் ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள். ஆண்ட்ரியா. பள்ளிப் பத்திரிகையின் எடிட்டர், படிப்பில் புலி. அவளிடம் ஒரு ரகசியம் உண்டு. அவள் வீடு அந்தப் பள்ளியின் எல்லைக்குள்ளேயே இல்லை. பாட்டியின் முகவரியைக் கொடுத்துச் சேர்ந்தவள். மாட்டினால் வெளியேதான்.

எதற்கு இந்தப் பொய்? ஏனென்றால் அது அரசுப் பள்ளி. ஆமாம் சார், போர்ஷே நிற்கிற அந்தப் பள்ளியில் ஃபீஸ் கிடையாது! ஆனால் உள்ளே நுழைய அந்த எல்லைக்குள் வீடு வேண்டும். அமெரிக்க அரசுப் பள்ளிகளின் வருமானத்தில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்து வரி. வீட்டு விலை உசத்தி என்றால் வரி அதிகம். வரி அதிகமென்றால் பள்ளி ஜொலிக்கும். பள்ளி ஜொலித்தால் வீட்டு விலை இன்னும் ஏறும். நிஜமான பெவர்லி ஹில்ஸ் ஹைஸ்கூலுக்கு இன்னொரு யோகமும் இருந்தது. பல வருஷங்கள் வளாகத்துக்குள்ளேயே எண்ணெய்க் கிணறுகள் ஓடின, ராயல்டி வந்தது.

கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஃபீஸ் இல்லாமல் இல்லை. வீட்டு விலை என்ற தலைப்பில் வேறு பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வீட்டை வாங்க முடியாதவள்தான் ஆண்ட்ரியா.

சீரியலில் அவள் தப்பித்தாள். 1993-ல் நண்பர்களோடு பள்ளிப்படிப்பையும் முடித்தாள்.

நிஜத்தில்? ஒஹையோ மாநிலத்தில் ஒரு தாய், தன் அப்பா வீட்டு முகவரியைக் கொடுத்து இரண்டு மகள்களை வேறொரு நல்ல பள்ளியில் சேர்த்தார். பொய் ஆவணம் என்று வழக்கு. 2011-ல் ஒன்பது நாள் ஜெயிலில் இருந்தார். பிறகு மாநில கவர்னர் குற்றத்தின் கடுமையைக் குறைத்தார்.

பள்ளி வாசலில் வீடு எங்கே என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை.