ஊதியமில்லா ஆசிரியப் பதவி: பெர்லின் பல்கலைக் கழகத்தில் ஹெட்விக் ஹிண்ட்செ (1928-1933)

செர்மானியப் பல்கலைக் கழகங்களின் வரலாறு பேராசிரியர்களின் வரலாறாகவே அமைந்துவிடுவது இயல்பு. ராங்கே, டிராய்சன், மைனெக்கே என்று பெயர்களை அடுக்கினால், அண்மைக்கால வரலாற்றுத் துறை வளர்ந்த கதையைப் பெரும்பாலும் சொல்லிவிட்டதாகத் தோன்றும். ஆயின், அப்பேராசிரியர் பதவிக்கு வெளியே நின்று ஆண்டுக் கணக்கிற் கற்பித்தவர் பலர். அவர்தம் நிலையை அறியாமல் அப்பல்கலைக் கழகங்களின் இயல்பை முழுதும் அறிதல் இயலாது என்பது நம் கருத்து. ஈண்டு அத்தகையார் ஒருவரை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

'பிரிவாட்தோசென்ட்' என்று செர்மானியர் வழங்கும் பதவியை நாம் தனி விரிவுரையாளர் எனக் குறிப்போம். டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் மீண்டும் ஒரு பேராராய்ச்சி நூல் எழுதுதல் வேண்டும். ஆசிரியர் குழுவின் முன் சொற்பொழிவாற்றித் தம் தகுதியை நிலைநாட்டுதல் வேண்டும். அதன்பின் கிடைப்பது பதவி என்பதைவிடக் கற்பிக்கும் உரிமை என்பதே பொருந்தும். அரசு ஊதியம் தராது, ஓய்வூதியமும் இல்லை. வகுப்புக்கு வரும் மாணாக்கர் செலுத்தும் கட்டணமே வருவாய். ஏதேனும் ஒரு பல்கலைக் கழகம் பேராசிரியராக அழைக்கும்வரை காத்திருத்தலே வழி. டிராய்சன் 1833இல் பெர்லினில் இங்ஙனமே தொடங்கினார். மாக்ஸ் வேபர் 1917இல் மியூனிக் நகரில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில், செல்வம் இல்லாத இளைஞன் இவ்வழியிற் புகுவது துணிகரச் செயல் என்றும், அவன் உயர்வு பெரிதும் நற்பேற்றைச் சார்ந்தது என்றும் ஒளியாது உரைத்தார்.

இம்முறையைப் போற்றினோர் கூறிய நியாயம் ஒன்று உண்டு. ஊதியம் இன்மையால் தனி விரிவுரையாளர் அரசு அலுவலர் ஆகார். ஆகவே அரசுக்கு அஞ்சாது உண்மையை உரைக்க வல்லார் என்பது அது. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆயின் பிரஷ்ய அரசு 1898இல் ஒரு சட்டம் இயற்றித் தனி விரிவுரையாளரைத் தன் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தியது. லேயோ ஆரோன்ஸ் என்னும் இயற்பியலார் சமூக சனநாயகக் கட்சியைச் சார்ந்திருந்தமையே அச்சட்டம் பிறந்ததற்குக் காரணம். பெர்லின் ஆசிரியர் குழு அவரை நீக்க இணங்கவில்லை. எனினும் 1900இல் அரசு அவரை நீக்கியது. அலுவலருக்குரிய உரிமை இன்றி அலுவலருக்குரிய தண்டனை மட்டும் உடையவராதல் என்னும் இந்நிலையே பின்னர் 1933இல் முற்றி வெளிப்பட்டது.

ஹெட்விக் குக்கன்ஹைமர் 1884இல் மியூனிக் நகரில் யூத மரபினரான வங்கியாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். பிரஷ்யப் பல்கலைக் கழகங்கள் மகளிரை முறையாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1908இலேதான். பெர்லினிற் பயின்ற அவர், அங்குப் பேராசிரியராயிருந்த ஓட்டோ ஹிண்ட்செயை 1912இல் மணந்தார். 1924இல் டாக்டர் பட்டம் பெற்றார். மகளிரும் கற்பிக்கும் உரிமை பெறலாம் என்று பிரஷ்ய அமைச்சகம் அறிவித்தது 1920இல். எடித் ஸ்டைன் என்னும் மெய்யியலார் விடுத்த விண்ணப்பத்தின் பயன் அது. 1928இல் ஹெட்விக் ஹிண்ட்செ பெர்லினில் அண்மைக்கால வரலாறு கற்பிக்கும் உரிமையைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

அவர் தேர்ந்த பொருளும் கருதத்தக்கது. பழைய பிரான்சிலும் பிரெஞ்சுப் புரட்சியிலும் அரசின் ஒருமையும் கூட்டாட்சி நோக்கும் எங்ஙனம் முரணின, எங்ஙனம் இயைந்தன என்பதே 1928இல் வெளிவந்த அவர்தம் பெருநூலின் ஆராய்ச்சி. செர்மானிய வரலாற்றாசிரியருட் பலர் 1789ஆம் ஆண்டின் கருத்துக்களைத் தம் நாட்டுக்கு ஒவ்வாத அயற்சரக்கு எனக் கொண்டிருந்த காலம் அது. அவரோ புரட்சியின் குடியாட்சிக் கூற்றைப் பரிவோடு நோக்கினார். ழோரேசின் வரலாற்றுப் பணியை மதித்தார். ஒலார் எழுதிய புரட்சி வரலாற்றின் செர்மானியப் பதிப்புக்கு முன்னுரை வரைந்தார். வைமார் குடியரசோ மைய அரசுக்கும் உறுப்பு நாடுகளுக்கும் இடையே அதிகாரத்தைப் பங்கிடும் சிக்கலைத் தன் பிறப்பிலேயே உடையது. பிரான்சைப் பற்றி எழுதியவர் தம் நாட்டையும் எண்ணியே எழுதினார் என்று கொள்வதில் தவறில்லை.

1933 ஏப்ரல் 7ஆம் நாள் அரசு அலுவலர் சட்டம் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு ஆரியர் அல்லாதாரைப் பணியினின்று நீக்கப் பணித்தது. சட்டத்தின் பெயரில் உள்ளவர் அரசு அலுவலர். தனி விரிவுரையாளரோ அலுவலர் அல்லர். எனினும் தொடர்ந்து வந்த விதிகள் அவர்களையும் அதற்குள் அடக்கின. விலக்குப் பெற்றோர் சிலர் உண்டு: 1914 ஆகஸ்டு முதல் நாளிலேயே பணியில் இருந்தோர், போர்முனையிற் பொருதோர், தந்தையையோ மகனையோ போரில் இழந்தோர் ஆகியோர். இவ்விலக்குக்களை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். கற்பிக்கும் உரிமையே 1914இல் மகளிர்க்கு இல்லை. ஆதலின் ஒரு பெண் 1914இல் அப்பணியில் இருந்திருத்தல் எங்ஙனம்? போர்முனையிற் பொருததும் ஆடவரே. முன்னர் இழைத்த ஒரு தடை, பின்னர் இழைத்த கொடுமைக்குக் காரணமாகக் காட்டப்பெற்றது. அவ்வாண்டுச் செப்டம்பரில் அவருடைய கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது.

அதற்கு முன்னரே, மே மாதத்தில், வரலாற்று ஆய்விதழ் ஒன்று அவரைக் கைவிட்டது. அது பிரீட்ரிக் மைனெக்கே பதிப்பாசிரியராயிருந்த 'ஹிஸ்டோரிஷெ ட்சைட்ஷ்ரிஃப்ட்'. அதிற் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நூல்களை மதிப்பிட்டு வந்தவர் அவரே. மைனெக்கே அவர்தம் ஆசிரியர். நாசிகளின் அன்பரும் அல்லர். இதழைக் காக்கவே அங்ஙனம் செய்தார் எனலாம். ஆயினும் இதழ் காக்கப்படவில்லை. 1935இல் அவரும் அதன் பொறுப்பினின்று அகற்றப்பட்டார். ஓட்டோ ஹிண்ட்செ மனைவிக்கு நேர்ந்ததைப் பொறாது இதழுடன் தமக்கிருந்த தொடர்பை முறித்துக்கொண்டார். 1938இல் பிரஷ்ய அறிவியற் கழகத்தினின்றும் விலகினார்.

ஹெட்விக் சில காலம் பாரிசில் ஆராய்ச்சி செய்தார். 1939இல் நெதர்லாந்து சென்றார். முதுமையும் நோயும் உற்ற கணவர் பெர்லினிலேயே தங்கி 1940இல் இறந்தார். அவ்வாண்டே நியூயார்க்கிலுள்ள சமூக ஆராய்ச்சிக்கான புதுப் பள்ளி ஹெட்விக்குக்கு ஆசிரியப் பணி அளிக்க முன்வந்தது. நெதர்லாந்து செர்மானியப் படையின் கைப்பட்டிருந்தமையின் அவர் கடல் கடக்க இயலவில்லை. 1942 ஜூலை நடுவில் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்சுக்கு யூதரைக் கொண்டுசெல்லும் தொடர்வண்டிகள் புறப்படலாயின. ஜூலை 19ஆம் நாள் அவர் உட்ரெக்டில் உயிர் நீத்தார்.

மைனெக்கே 1948இல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக் கழகத்தின் முதல் ரெக்டர் ஆனார். ஹெட்விக் ஹிண்ட்செயின் நூல் மறுபதிப்புப் பெற்றது 1989இல், புரட்சியின் இருநூறாம் ஆண்டில். இன்று செர்மானிய வரலாற்றாசிரியர் சங்கம் அவர் பெயரால் பரிசு ஒன்று வழங்குகின்றது. டாக்டர் பட்ட ஆராய்ச்சியை முடித்து, நிலையான பதவி இன்னும் வாய்க்கப்பெறாத இளையோர்க்கு உரியது அது.