கோமாச்சி கழுவிய ஏடு

ஜப்பானியரின் பழைய மர அச்சுப் படங்களிலே ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகின்றது. நீர் நிறைந்த அகன்ற பாத்திரம். அதன் முன் குனிந்த ஒரு மங்கை. அவள் கையிலே ஓர் ஏடு. ஏட்டைத் தண்ணீரில் கழுவுகின்றாள்! படிப்பை வெறுத்தவளோ என்று முதலில் நாம் மயங்கினோம். கதை தெரிந்த பின்னரே உண்மை விளங்கிற்று.

அவள் பெயர் ஓனோ நோ கோமாச்சி. 9-ஆம் நூற்றாண்டின் புலமைச் செல்வி. ஜப்பானியர் வகுத்த ஆறு பெருங்கவிகளின் வரிசையில் அவள் ஒருத்தியே பெண். அதே வரிசையில் உள்ளவன்தான் ஓத்தோமோ நோ குரோனுஷி. நோ நாடகம் ஒன்று கூறுவது இது: அரண்மனைக் கவிப் போட்டிக்கு முன்னாள், கோமாச்சி தன் பாட்டைச் சொல்லிப் பார்ப்பதை ஒளிந்திருந்து கேட்டான் குரோனுஷி. 'மன்யோஷு' என்னும் பழந்தொகையின் பிரதியொன்றில் அதனை எழுதிச் சேர்த்துவிட்டு, மறுநாள் சபையிலே அவளைத் திருடி என்றான். கோமாச்சி ஏட்டை உற்று நோக்கினாள், நீர் கேட்டாள், கழுவினாள். புதிய மை கரைந்தோடிற்று. பழைய எழுத்துக்கள் அசையாமல் நின்றன. பேரேடும் மையுமாகக் காலங் கழிக்கும் கிராணியாகிய நமக்கு இந்த இடம் தனி இன்பம் தருகின்றது.

இது சரித்திரமன்று, கட்டுக்கதையே. ஆயினும், பெண்ணொருத்தி நன்றாகப் பாடிவிட்டால் யாரிடம் திருடினாள் என்று கேட்கும் வழக்கம் கட்டுக்கதையாகுமா?

பல வண்ண அச்சுப் படங்கள் யெதோ நகரிலே 1765-இல் பெருகத் தொடங்கின. வரைவோன் ஒருவன், பலகை செதுக்குவோன் ஒருவன், அச்சிடுவோன் ஒருவன். கோமாச்சிக்கும் அவர்களுக்கும் இடையே ஏறக்குறைய 900 ஆண்டுகள். ஆகவே படத்திலுள்ள முகம் அவளுடையதன்று. ஓவியன் காலத்து அழகியின் முகம்.

அழகைப் புகழ்ந்த அதே கைகள் அவள் முதுமையையும் விரும்பி வரைந்தன. யோஷிதோஷி 1886-இல் வெளியிட்ட படத்திலே, விழுந்து கிடக்கும் கல்லறைத் தூணின்மேல் கிழவியாய் அமர்ந்திருக்கின்றாள். வனப்பின் செருக்குக்குத் தண்டனை என்று பார்ப்போர் பெருமூச்சு விடுவர். ஆனால் அதற்கு மூலமான நாடகத்திலே, புனிதத் தூணில் அமரலாமா என்று கடிந்த துறவிகளை அக்கிழவி வாதிட்டு வென்றுவிடுகின்றாள். அவ்வெற்றியைப் படம் காட்டுவதில்லை.

'கெஞ்ஜி கதை' எழுதிய முரசாக்கி ஷிகிபுவின் நிலை சற்று மேல். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அவளை, இஷியாமா கோயிலிலே, நிலவின் கீழ், எழுதுபலகையின் முன் அமர்த்தியே வரைவார்கள். அவளுடைய இயற்பெயரை ஒருவரும் உறுதியாக அறியார்! ஷிகிபு என்பது தந்தையின் உத்தியோகத்தைக் குறிப்பது. முரசாக்கி அவள் படைத்த கதாபாத்திரத்தின் பெயர். சீன நூல்களைத் தம்பியினும் விரைந்து கற்ற அவளைக் கண்டு, இவள் ஆணாய்ப் பிறக்கவில்லையே என்று தந்தை வருந்தினாராம். அவளே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றாள்.

நமக்கு மிகவும் பிடித்தது 1801-இல் ஏஷி என்னும் ஓவியர் வரைந்த நூல். 36 பெண் கவிகள், கோமாச்சியும் உண்டு. முகப்புப் படம் ஹொக்குசாய் தீட்டியது. கவிகளின் பாட்டுக்களை எழுதியவர்களோ பெயர்பெற்ற எழுத்தாசிரியர் அல்லர். எழுத்துப் பயின்றுகொண்டிருந்த சிறுமிகள்! அவர்கள் தூரிகை பிடித்தெழுதியதைப் பலகையிலே செதுக்கி அச்சிட்டார்கள். ஏஷியின் முகங்களை விட்டு, அச்சிறுமிகளின் கையெழுத்தையே நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.