ஆனைகட்டிக் காட்டில் இலை நிறம் மாறும் பருவம்

கோயம்புத்தூருக்கு வடமேற்கே, தமிழ்நாடும் கேரளத்தின் அட்டப்பாடியும் சந்திக்கும் ஆனைகட்டியில், மரங்களின் இலையைப் பழுக்கச் செய்து உதிர்ப்பது கடுங்குளிர் அன்று, மண்ணின் வறட்சியே. தென்மேற்குப் பருவமழையை மறித்து நிற்கும் மலைகளின் மறுபுறத்தில், மழை மறைவுப் பகுதி எனப்படும் மழை குறைந்த நிலத்தில் இவ்வூர் அமைந்திருப்பதால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஈரம் வற்றும் தை முதல் பங்குனி வரை காடு படிப்படியாக வெறுமையாகிறது. அட்டப்பாடிக்கு மேற்கிலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காடோ ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது.

இந்நிறமாற்றத்தின் காரணம் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் மெல்லத்தான் துலங்கியது. 1817இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லத்தியேயும் கவாந்துவும் இலையின் பச்சைப் பொருளுக்குக் குளோரோஃபில், அதாவது பச்சையம், எனப் பெயரிட்டனர். 1837இல் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் மஞ்சள் நிறமியைச் சாந்தோஃபில் என்றார். 1906இல் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட், சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் இலைச்சாற்றை வடித்து, இரண்டும் பசிய இலையிலேயே கலந்திருப்பதைத் தனித்தனிப் பட்டைகளாகக் காட்டினார். ஆகவே மஞ்சள், பச்சையம் சிதைந்தபின் வெளித்தெரிவது மட்டுமே. சிவப்பைத் தரும் அந்தோசயனினோ இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து ஒளியின் துணையோடு அப்போது புதிதாக உருவாவது. தெளிந்த பகலும் குளிர்ந்த இரவும் அதை மிகுவிக்கும், மேகமூட்டமும் நிழலும் குறைக்கும், கடும் வறட்சி இலையைச் சிவக்கும் முன்பே கருக்கிவிடும். வறண்ட காடுகளில் தேக்கிலை பழுப்பாகி உதிர, வெக்காலி மரத்தின் இலை பனிக்காலத்தில் செம்பு நிறம் கொள்கிறது.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காடுகள் அரசின் ஒதுக்கக்காடுகளாயின; மலபார் மாவட்டத்தில் இருந்த அட்டப்பாடியில் பெருமளவு காடு ஜென்மிகள் எனப்படும் நிலக்கிழார்களின் உடைமையாகவே நீடித்து, கேரளத்தின் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அரசிடம் வந்தது. உதிர்ந்த சருகே கோடையில் காட்டுத்தீயின் எரிபொருள் ஆதலால், இலையுதிரும் காலம் வனத்துறையினருக்கு இன்றியமையாத செய்தியாயிற்று. வனவியலாளர் ட்ரூப் 1921இல் வெளியிட்ட இந்திய மரங்கள் பற்றிய மூன்று தொகுதி நூலில் மரந்தோறும் இலை விழும் காலமும் தளிர்க்கும் காலமும் பொறுமையோடு பதிவாயின. சாம்பியன் என்ற வனவியலாளர் 1936இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது, இலையுதிர்தல் முதன்மையான அடையாளங்களுள் ஒன்றாயிற்று. இரண்டும் பெரும்பணிகள்; எனினும் பிந்தைய வகைப்பாட்டில் நிறத்துக்கு இடமில்லாமற் போனது ஓர் இழப்பே.

ஏனெனில் இக்காடுகளின் மிகச்சிறந்த சிவப்பு உதிரும் இலையினுடையதன்று, தளிரினுடையது. மாசி, பங்குனியில், மழை வருமுன்பே, பூவ மரம் முழுவதும் செந்தளிர் விடுகிறது. பச்சையம் முற்றாத இளந்தளிரைக் கொளுத்தும் வெயிலிலிருந்து அந்தோசயனின் காக்கிறது என்பது ஒரு விளக்கம். தளிர் தின்னும் பூச்சிகளை விலக்குகிறது என்பது மற்றொன்று. மழைக்கு முன்னரே தளிர்ப்பதன் பயனை, நீலகிரிச் சாரலின் முதுமலைக் காட்டில் ஆராய்ந்த முரளியும் சுகுமாரும் 1993இல் வெளியிட்டனர்: வறண்ட பருவத்தில் தளிர்க்கும் மரங்கள், மழையோடு தளிர்ப்பவற்றைவிடப் பூச்சிகளால் குறைவாகவே சேதமுறுகின்றன.