ஆறு வற்றியபோது வந்த காய்ச்சல்

மலேரியா தடுப்பு வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த கருவி, நீளக் காம்பு வைத்த ஒரு வெள்ளை அகப்பை. வவுனியாப் பக்கத்து ஆற்றுப் படுகைகளில் தேங்கிய நீரை மொண்டு குடம்பிகளை எண்ண வேண்டும். "சாக்கடையில தேடாத தம்பி, தெளிஞ்ச தண்ணியில தேடு" என்றார் மூத்த பரிசோதகர். வெயில் படும் தெளிந்த குட்டைதான் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்புக்குப் பிடித்த இடம். ஆறு பெருகி ஓடினால் குடம்பிகள் அடித்துச் செல்லப்பட்டுவிடும்.

இலங்கையையும் இந்தியாவையும் ஒப்பிட எனக்கு இந்த நுளம்பு ஒன்றே போதும். பஞ்சாபில் அது மழையோடு வந்தது. 1908இல் பருவமழை கொட்டித் தீர்த்து, சமவெளியெங்கும் நீர் நின்றது. லாகூர் ரயில்வே ஊழியர்கள் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் விழ, ரயில்களே தடுமாறின. அமிர்தசரஸ் நகரம் படுத்த படுக்கையானது. ஒக்டோபர் முதல் மூன்று மாதத்தில் மாகாணத்தில் 3 இலட்சத்துக்கு மேல் இறந்தார்கள்.

இலங்கையில் நேர் எதிர். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மா ஓயாவும் மணல் திட்டுகளுக்கு நடுவே குட்டை குட்டையாய் வற்றின. கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களுக்கு அதுவரை ஓடும் ஆறே காவல். அவர்கள் உடம்பு இந்தக் காய்ச்சலுக்குப் பழகியிருக்கவில்லை. அடுத்த ஏப்ரலுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். வருடம் தவறாமல் காய்ச்சல் கண்டு, பிள்ளைகளின் மண்ணீரல் வீங்கிக் கிடந்த எங்கள் உலர்வலய ஊர்களில் அவ்வளவு அழிவு இல்லை. நோயோடு வாழ்ந்ததற்குக் கிடைத்த கசப்பான கூலி அது.

இரண்டு இடத்தையும் அறிந்தவர் கேணல் சி. ஏ. கில். பஞ்சாப் சுகாதாரத் துறையில் இருந்தபோது மழையளவு, பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கம், தானிய விலை ஆகியவற்றைப் பார்த்து, அந்த ஆண்டு காய்ச்சல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லப் பழகியவர். இலங்கைக் கொள்ளைநோயையும் ஆராய்ந்து 1935இல் அறிக்கை தந்தார். இங்கே மழைக் கணக்கு தலைகீழ். ஆனால் பசிக் கணக்கு மாறவில்லை. பஞ்சாபில் தானிய விலை ஏறிய காலத்தில்தான் காய்ச்சல் கொன்றது என்று மலேரியா ஆய்வாளர் கிறிஸ்டோபர்ஸ் 1911இலேயே எழுதிவிட்டார். இலங்கையில் உலகப் பொருளாதார மந்தத்தால் தேங்காய் விலையும் றப்பர் விலையும் விழுந்து, சனத்தின் கையில் காசு இல்லை. வறட்சியில் வயலும் போயிற்று. நிவாரணத்துக்குப் போன இடதுசாரிச் சூரியமல் இயக்கத்தார், கொயினா மருந்து மட்டும் போதாதென்று, மாமைட் என்ற சத்துப் பசையை நாட்டு வைத்தியரின் குளிகைபோல உருட்டிக் கொடுத்தார்கள்.

காலநிலை மாற்றத்தால் எந்த நாட்டு மக்களின் உடல்நலம் முதலில் கெடும் என்று பட்டியல் போடுகிறவர்கள் இன்று வெப்பத்திலும் மழையிலும் தொடங்குகிறார்கள். இந்த இரண்டு கதையையும் அறிந்த நான் அரிசி விலையில் தொடங்குவேன்.

அந்தக் கொள்ளைநோய்க்குப் பிறகு டிடிடி பூச்சிகொல்லி வந்தது. 1963இல் இலங்கை முழுவதற்கும் 17 நோயாளிகள்தான். இந்தியாவில் 1965இல் சுமார் 1 இலட்சம். இரண்டு நாடும் கையைத் தளர்த்தின. இலங்கையில் 1960களின் கடைசியில் நோயாளிகள் இலட்சக்கணக்கானார்கள்; இந்தியாவில் 1976இல் 64 இலட்சம். இந்தப் பழியை முழுக்க வானத்தின் மேல் போட முடியாது.

2016 செப்டெம்பரில் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. இந்தியாவுக்கு இன்னும் இல்லை. கடல் சூழ்ந்த சின்ன நாட்டுக்கு இது எளிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி பிடிபட்டது. சென்னையில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளரும் மலேரியா நுளம்பு அது. ஆறு வற்றுவதற்காக அது காத்திருப்பதில்லை. மழை பொய்த்தால் சனம் தொட்டி கட்டித் தண்ணீர் சேர்க்கும். அது இந்த நுளம்புக்கு இன்னும் வசதி.