தாளம் கைமாறிய வரலாறு: கலாக்ஷேத்திராவில் தலைமைப் பயிற்சி (1936–2023)

சென்னையின் கலை நிறுவனங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மேடையேறிய கலைகளையும் கலைஞர்களையுமே பொருளாகக் கொள்கின்றன. அந்நிறுவனங்களை நடத்துவோர் எவ்வாறு உருவாயினர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ருக்மிணி தேவியும் அவர்தம் கணவர் ஜார்ஜ் அருண்டேலும் 1936இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் தொடங்கிய கலாக்ஷேத்திரா, இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க களமாகும்.

கலையாசிரியர்களை நிறுவன வழியாக உருவாக்கும் முயற்சி அக்காலச் சென்னைக்குப் புதிதன்று. 1928இல் நிறுவப்பெற்ற மியூசிக் அகாதெமி 1931இலேயே இசையாசிரியர் கல்லூரியைத் தொடங்கியது. இசையைக் கற்பிக்க வல்லோரை ஆக்குவது அதன் நோக்கம். கலாக்ஷேத்திராவிலோ கற்பித்தலோடு நிறுவனத்தின் பிற பணிகளும் மாணவர் கைக்கு வந்தன. இதற்கெனத் தனிப் பாடத்திட்டம் வகுக்கப்படவில்லை. சூழலின் நெருக்கடியே பயிற்சியாயிற்று.

இதற்கு 1940களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மாற்றம் சான்றாகும். பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், அவருக்குப் பின் அவர்தம் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் அங்கு நடனம் பயிற்றுவித்தனர். நட்டுவாங்கம் என்பது தாளமிடுதல் மட்டுமன்று. நிகழ்ச்சியின் முழுக் கட்டுப்பாடும் நட்டுவனாரிடமே இருந்தது. சொக்கலிங்கம் பிள்ளை விலகியபின் அத்தாளம் ருக்மிணி தேவியின் கைக்கும், பின்னர் அவருடைய மூத்த மாணவியர் கைக்கும் மாறியது. இசை வேளாளர் மரபின் அதிகாரம் நிறுவனத்தால் கைக்கொள்ளப்பட்டது என்னும் விமரிசனம் வலுவானது. அதனை எளிதில் ஒதுக்க இயலாது. எனினும், ஆடுவதற்கு மட்டுமே பழகிய பெண்கள் ஒரு நிகழ்ச்சியைத் தாமே வழிநடத்தும் நிலையை எய்தியதும் இதே மாற்றத்தின் வழியாகத்தான். ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் கூறும் வரலாறு குறையுடையது.

1944இல் அரங்கேறிய குற்றாலக் குறவஞ்சி தொடங்கி நாட்டிய நாடகங்கள் இப்பயிற்சியை விரிவாக்கின. இசையமைப்பு, ஆடை, ஒளியமைப்பு ஆகியவை வளாகத்திற்குள்ளேயே உருவாயின. 1930களின் இறுதியில் தொடங்கப்பெற்ற நெசவுப் பிரிவு மேடைக்கு வேண்டிய சேலைகளை அளித்ததுடன் கைவினைஞர்க்கு வாழ்வாதாரமும் ஆயிற்று. 1945இல் ஜார்ஜ் அருண்டேல் மறைந்தார். பின்னர்க் கலாக்ஷேத்திரா சபையின் வளாகத்தை விட்டுத் திருவான்மியூரில் தனக்கெனக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டது.

இங்ஙனம் பயின்றோர் எங்கே தலைமையேற்றனர்? பலர் வெளியேதான். தனஞ்செயன்–சாந்தா இணையர் 1968இல் அடையாற்றில் பரத கலாஞ்சலியை நிறுவினர். அடையாறு லக்ஷ்மண் 1969இல் பரத சூடாமணியைத் தொடங்கினார். நிறுவனர் தலைமை நீடித்த வளாகத்தில் மூத்த கலைஞர்க்கு மேலே செல்ல வழி குறுகியிருந்தது எனக் கருத இடமுண்டு. அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதியின் இன்றைய நடனப் பள்ளிகள் அக்குறுகலுக்கும் ஓரளவு கடன்பட்டவை.

1986 பிப்ரவரி 24ஆம் நாள் ருக்மிணி தேவி மறைந்தபோது இவ்வினா உள்ளேயே எழுந்தது. தொடக்க காலம் முதல் உடனிருந்த சங்கர மேனன் பொறுப்பேற்றார். அவரும் நிறுவனரின் தலைமுறையைச் சார்ந்தவரே. கலாக்ஷேத்திரா அறக்கட்டளைச் சட்டம், 1993 இதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. ஆட்சிக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு ஆகியவற்றையும், மத்திய அரசால் அமர்த்தப்பெறும் இயக்குநர் பதவியையும் அது வகுத்தது. இயக்குநரை அமர்த்துவது யார் என்பது தெளிவாயிற்று. அப்பதவிக்கு உரியவர் எங்கே, எவ்வாறு பயில்வார் என்பது சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகவே நின்றது. 2005இல் அங்குப் பயின்ற லீலா சாம்சன் இயக்குநரானமை பழைய வழியின் தொடர்ச்சி எனலாம்.

பணியினூடே பயிலும் முறையின் எல்லையும் பின்னர் வெளிப்பட்டது. தாளமிடுதலும் நாடகம் அமைத்தலும் குருவின் அருகிருந்து கற்கக்கூடியவை. குருவின் மீதே புகார் எழும்போது அதனைக் கேட்டு ஆராயும் திறனை அந்த அருகிருப்பு அளிப்பதில்லை. 2023 மார்ச்சில் பாலியல் தொல்லை குறித்த புகார்களை முன்வைத்து மாணவியர் வளாகத்திலேயே அமர்ந்து போராடினர். அடுத்த மாதம், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.