குழல் பழசு, கட்டை புதுசு

அமெரிக்காவில் மலிவு விலை வேட்டைத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் செய்துபார்க்கும் ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரு டாலர் நோட்டை எடுத்து, இரும்புக் குழலுக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் நடுவே செருகி, முனையிலிருந்து பின்பக்கம் வரை இழுப்பார்கள். நோட்டு தட்டாமல் ஓடிவிட்டால் பாதி நிம்மதி. அடுத்து, கட்டையின் முன்பகுதியைக் குழலோடு சேர்த்து ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறுபடியும் இழுப்பார்கள். பிளாஸ்டிக் கட்டை வளைந்துகொடுக்கும், நோட்டு மாட்டிக்கொள்ளும். அன்றைக்கே புதுக் கட்டை தேடும் படலம் தொடங்கிவிடும்.

குண்டு கிளம்பும் கணத்தில் குழல், தட்டிவிட்ட மணியைப் போல அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் போய்ச் சேரும். கட்டை ஒருமுறை ஓரிடத்திலும் மறுமுறை வேறிடத்திலும் குழலைத் தொட்டால் குறி தப்பும். 2010-இல் ‘எட்ஜ்’ என்று வந்து, பிறகு ‘ஆக்சிஸ்’ என்று பெயர் மாறிய சாவேஜ் கம்பெனியின் துப்பாக்கியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். விலை 400 டாலருக்கும் குறைவு. சுடுவதிலோ விலை கூடியவற்றுக்கு இளைத்ததல்ல. கணினி ஓட்டும் இயந்திரங்கள் இரும்பு வேலையை அவ்வளவு மலிவாகவும் துல்லியமாகவும் ஆக்கிவிட்டன. கம்பெனி காசை மிச்சம் பிடிக்க மீதமிருந்த இடம் கட்டைதான். அதை உள்ளே கூடாக, குறுக்கே சில தடுப்புகளோடு, அச்சில் வார்த்துத் தள்ளினார்கள். கையில் காசில்லாதவர்கள் அந்தக் கூட்டுக்குள் அம்பின் கார்பன் தண்டுகளை வெட்டிப் படுக்கவைத்து, எபாக்சி பசையை ஊற்றி நிரப்பி விறைப்பாக்கிக்கொள்கிறார்கள். கொஞ்சம் காசுள்ளவர்கள் கட்டையையே மாற்றிவிடுகிறார்கள்.

மாற்றுவதற்குச் சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது, வரிசை எண் பொறித்த ரிசீவர் என்ற இரும்புப் பகுதிதான். அதை வாங்க உரிமம் பெற்ற கடைக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். கட்டை சட்டத்துக்கு வெறும் மரச்சாமான். நாற்காலி வருவதுபோல அதுவும் தபாலில் வீட்டு வாசலுக்கு வரும். இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் ஒரு தொழிலே நிற்கிறது.

தொழிலின் வேர் மாசசூசெட்ஸில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கியின் ஒவ்வொரு கட்டையையும் தச்சர் ஒருவர் வாய்ச்சியும் உளியும் அரமும் வைத்துச் செதுக்கினார். குழலை லேத்தில் கடையலாம். மேடும் பள்ளமும் வளைவுமாக இருக்கும் கட்டையை எப்படிக் கடைவது? ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் தொழிலாளி ஒருவர், ‘என் பிழைப்பில் மட்டும் நீர் கைவைக்க முடியாது’ என்று தாமஸ் பிளாஞ்சர்டிடம் சவால் விட்டதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, 1819-இல் பிளாஞ்சர்டு அந்தப் பிழைப்பில் கைவைத்துவிட்டார். இரும்பில் செய்த மாதிரிக் கட்டை ஒருபுறம் சுழலும். அதன் மேடுபள்ளங்களைத் தடவிக்கொண்டே ஒரு சக்கரம் நகரும். அதே ஏற்ற இறக்கத்தோடு மறுபுறம் வெட்டுச்சக்கரம் மரத்தைச் செதுக்கும். சாவி நகலெடுக்கும் கடையில் நடப்பதன் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று கட்டை வெட்டும் கணினி இயந்திரங்கள் வரை எல்லாம் அந்த ஒரு யோசனையின் வாரிசுகளே.

ஆனாலும், வாங்கிய துப்பாக்கியின் கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பூட்டும் பழக்கம் வசதியானவர்களிடம்தான் தொடங்கியது. ராணுவத்துக்கென்று 1903-இல் வந்த ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியை, அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தனக்கென வேட்டைக் கட்டை போட்டுச் செய்துதரச் சொன்னார். 1909-இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு அதையும் எடுத்துப் போனார். அடுத்த ஆண்டு வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் லூயிஸ் வுண்ட்ஹாம்மர் என்ற கைவினைஞர், எழுத்தாளர் ஸ்டூவர்ட் எட்வர்டு ஒயிட் போன்றவர்களுக்கு அதே ராணுவ இரும்பின் மேல் மெல்லிய வால்நட் கட்டைகளைப் பூட்டிக்கொடுத்தார். உள்ளங்கை படியும் இடத்தில் கட்டையை லேசாகப் புடைக்கவிடுவது அவர் கைப்பழக்கம். அந்தப் புடைப்புக்கு இன்றும் அவர் பெயர்தான்.

சாமானியர்களின் முறை இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்தது. ஐரோப்பியப் படைகள் கழித்துக்கட்டிய துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக அமெரிக்கா வந்து இறங்கின. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில் சாமுவேல் கம்மிங்ஸ் என்ற ஆயுத வியாபாரியின் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. ஜெர்மன் மவுசர், ஸ்வீடன் மவுசர், இத்தாலியக் கார்கானோ, பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு என்று எல்லாம் சல்லிசாகக் கிடைத்தன. (நம் காவல் நிலையங்களில் பல தலைமுறை பார்த்த ‘த்ரீ நாட் த்ரீ’ அதே லீ என்ஃபீல்டுதான். கல்கத்தா அருகே இச்சாப்பூரில் செய்தவையும் பின்னாளில் உபரிச் சரக்காக அமெரிக்கச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன.) அமெரிக்க அரசும் தன் பழைய ஸ்பிரிங்ஃபீல்டுகளை, தேசியத் துப்பாக்கிச் சங்க உறுப்பினர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தது.

இரும்பு முதல்தரம். கட்டைதான் வேட்டைக்காரனுக்கு ஒத்துவரவில்லை. குழலின் முனை வரை நீண்டு, மேலேயும் மரமூடி போர்த்தி, தோளில் சுமந்து நடக்கவும் எதிரியைக் குத்தவும் செய்த கட்டை அது. இன்னொரு சங்கடமும் இருந்தது. குழலை ஒட்டிய இரும்புக் குறியில் கண்ணை வைத்துச் சுடத் தோதாகக் கட்டையின் மேல்விளிம்பு தாழ்வாக இருந்தது. போருக்குப்பின் தொலைநோக்கி பொருத்துவது பரவியபோது கண் இரண்டு விரற்கடை மேலே ஏறியது. கன்னம் அந்தரத்தில் நின்றது. கன்னம் ஓரிடத்தில் பதியாவிட்டால் கண்ணும் ஓரிடத்தில் நிற்காது. ஆகவே ஊர் ஊராக, கார் நிறுத்தும் கொட்டகைகளில், ரம்பம் எடுத்து மரத்தை அறுப்பதும், போல்ட்டின் கைப்பிடியைத் தொலைநோக்கியில் இடிக்காதபடி வளைப்பதும், கடைசியில் பழைய கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக்கட்டை பூட்டுவதும் ஞாயிற்றுக்கிழமை வேலையாயின.

புதுக்கட்டை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மிசௌரி மாநிலத்தின் வார்சா என்ற சிற்றூரிலிருந்து. கறுப்பு வால்நட் மரம் செழிக்கும் அந்தப் பகுதியில் பிஷப், ராயின்ஹார்ட் ஃபாயன் என்ற இரண்டு பெயர்கள் கோலோச்சின. முழுதும் முடித்த கட்டை விலை அதிகம். முக்கால்வாசிக்கு மேல் இயந்திரமே குடைந்து, மீதியை வாங்குகிறவரின் உளிக்கு விட்ட கட்டையோ ஆலைத் தொழிலாளிக்கும் கட்டுப்படியாகும். இரும்பில் விளக்குக் கரியைத் தடவிக் கட்டைக்குள் அழுத்தி எடுக்க வேண்டும். மரத்தில் கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். நிலைக்குக் கதவு பொருத்தும் நம் ஆசாரிக்கு இந்தப் பொறுமை தெரியும். இழைத்து முடித்தபின் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் நாள்கணக்கில் தேய்த்து ஏற்றுவார்கள். மினசோட்டாவின் வசீகா ஊரிலிருந்து ஹெர்டர்ஸ் கம்பெனி அனுப்பிய தடித்த விலைப்பட்டியல், தூண்டில் முள்ளோடும் வாத்துப் பொம்மையோடும் துப்பாக்கிக் கட்டையையும் விற்றது. தன் சரக்கைத் தானே புகழ்வதில் அந்தப் பட்டியலை எழுதியவருக்கு நாணம் என்பதே கிடையாது. படிக்கவே பலர் வாங்கினார்கள்.

ரசனையிலும் இரண்டு கட்சி. கலிபோர்னியாவின் ராய் வெதர்பி, கன்னத்துக்கு மேடு எழும்பிய, பளபளக்கும் பூச்சும் வெள்ளைக் கோடும் போட்ட கட்டைகளால் ஹாலிவுட்டையே மயக்கினார். ‘அவுட்டோர் லைஃப்’ இதழில் எழுதிய ஜாக் ஓ’கானருக்கு ஆடம்பரமில்லாத நேர்க்கட்டைதான் அழகு. தன்னுடையவற்றை ஸ்போக்கேன் நகரின் ஆல் பீசனிடம் செய்துகொண்டார். இருவர் பாணிக்கும் நகல் கட்டைகள் தபாலில் கிடைத்தன. கண்ணுக்குப் பகட்டாகத் தெரிந்தாலும் தொலைநோக்கி விஷயத்தில் வெதர்பியின் மேடுதான் சரி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1963 மார்ச்சில் சிகாகோவின் கிளைன்ஸ் கடையிலிருந்து தொலைநோக்கியோடு 19.95 டாலருக்கு ஒரு கார்கானோ தபாலில் போனது. வாங்கியவர் லீ ஹார்வி ஆஸ்வால்டு. அந்த நவம்பரில் அதிபர் கென்னடி கொல்லப்பட்டார். ஐந்து ஆண்டு இழுபறிக்கும் மேலும் இரண்டு படுகொலைகளுக்கும் பிறகு, 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தபாலில் துப்பாக்கி விற்பதை நிறுத்தியது. ராணுவ உபரி இறக்குமதிக்கும் கதவைச் சாத்தியது. கட்டை வியாபாரம் தபாலில் தொடர்ந்தது. ஆனால் அந்தக் கட்டைகளை மாட்ட மலிவு மவுசர் வருவது நின்றுபோனது.

மலிவுத் துப்பாக்கி செய்யக் கம்பெனிகள் அதற்கு முன்பே முனைந்திருந்தன. எல்லாமே முதலில் மரத்தில்தான் கைவைத்தன. ரெமிங்டன் 1959-லேயே வழி காட்டியிருந்தது. அதன் அன்றைய உரிமையாளர் டூபாண்ட், நைலானைக் கண்டுபிடித்த கம்பெனி. நைலான் கட்டையோடு ‘நைலான் 66’ என்ற சிறு துப்பாக்கி பிறந்தது. பிளாஸ்டிக் தாங்குமா என்று சிரித்தவர்களுக்காக, டாம் ஃபிரை என்ற கம்பெனி ஆள் மேலே எறிந்த 1,00,010 மரக்கட்டைகளை 13 நாளில் சுட்டார், தப்பியவை 6. மரத்தை வென்றதாகக் காட்ட மரத்தையே சுட்டது தற்செயலா என்று தெரியாது. 1964-இல் வின்செஸ்டர் தன் புகழ்பெற்ற மாடல் 70-ஐச் செலவு குறைத்து மாற்றியது. பிடி வழுக்காதிருக்கக் கையால் வெட்டிய கட்டங்களுக்குப் பதில் அழுத்திப் பதித்த அச்சு. குழலுக்கும் மரத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. வேட்டைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ‘அறுபத்துநாலுக்கு முந்தியது’ என்ற சொல் அன்றிலிருந்து ஒரு விலைச்சீட்டு. 1967-இல் வந்த ரெமிங்டன் 788-க்கோ வால்நட் நிறம் பூசிய சாதாரண மரம். அந்த எளிய துப்பாக்கி சுட்ட சுடலுக்கு ரசிகர்கள் இன்றும் உண்டு.

வால்நட்டின் உண்மையான பலவீனத்தை வெளிக்காட்டியது வியட்நாம். ரெமிங்டன் 700-ஐ அடிப்படையாகக் கொண்டு 1966-இல் அமெரிக்க மரைன் படையினருக்குக் கொடுத்த எம்40 துப்பாக்கியின் மரக்கட்டை, அந்த ஈரக் காற்றில் ஊதி முறுக்கிக்கொண்டது. இதற்கிடையே கலிபோர்னியாவில் மேசைமேல் வைத்துச் சுடும் போட்டிக்காரர்களான செட் பிரவுனும் லீ சிக்ஸும், படகு செய்யும் கண்ணாடியிழையில் கட்டை வார்த்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது, ஈரம் ஏறவில்லை. 1970-களில் வந்த எம்40ஏ1-க்கு அரிசோனாவின் மெக்மில்லன் கண்ணாடியிழைக் கட்டை கொடுத்தது. 1988-இல் தரைப்படையின் எம்24-க்கு எச்-எஸ் பிரிசிஷன் கம்பெனி, உள்ளே அலுமினியப் படுகை வைத்த கட்டையைத் தந்தது. சில ஆண்டுகளில் இவையெல்லாம் மான் வேட்டைக்காரனின் விருப்பப் பட்டியலுக்கு வந்துவிட்டன. ஆனால் கட்டை விலை துப்பாக்கி விலையைத் தாண்டியது.

மரம்தான் மறுபடி கைகொடுத்தது, ஒட்டுமரமாக. உலகப்போரில் ஜெர்மானியர் தங்கள் மவுசர்களுக்குப் பீச் மரத்தின் மெல்லிய தகடுகளை ஒட்டிக் கட்டை செய்தார்கள். நல்ல வால்நட்டை ஆண்டுக்கணக்கில் உலர்த்த நேரமில்லை. தகடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் முறுக்காது. எடைதான் கூடுதல். அதே உத்தியை, தகடுகளுக்குச் சாயமேற்றி, தெற்கு டகோட்டாவின் மிட்செல் ஊரில் பாய்ட்ஸ் கம்பெனி பெருந்தொழிலாக்கியது. ஆக்சிஸுக்கும், ரூகர் அமெரிக்கன் என்ற இன்னொரு மலிவுத் துப்பாக்கிக்கும் கட்டை தேடுகிறவர் முதலில் கேட்கும் பெயர்களில் அது ஒன்று. 2014 ஆகஸ்டில் வெர்மான்ட் மாநிலத்தின் ரட்லண்டு ஒட்டுப்பலகை ஆலை எரிந்து சாம்பலானபோது, துப்பாக்கிக் கம்பெனிகள் பலவும் ஒட்டுக்கட்டைக்குத் தவித்தன. அத்தனை பேரும் அந்த ஒரே ஆலையின் பலகையை நம்பியிருந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

தேடலில் இன்று முட்டுக்கட்டை விலையைவிடத் திருகாணிதான். ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் இரண்டு திருகாணிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் எது எதற்குப் பொருந்தும் என்று தீர்மானிக்கிறது. ரெமிங்டன் 700-இன் அளவு ஏறக்குறைய பொது அளவாகவே ஆகிவிட்டதால் அதற்குக் கட்டை கொட்டிக்கிடக்கிறது. சாவேஜோ காலத்துக்குக் காலம் அளவை மாற்றியது. அதன் 110 மாடலுக்குச் செய்தது ஆக்சிஸுக்கு உட்காராது. ரூகர் அமெரிக்கனில் ரிசீவர் ஆங்கில ‘வி’ வடிவ இரும்புத் துண்டுகள் மேல் அமர்வதால் அதற்கென்றே செய்த கட்டை வேண்டும். தெரியாமல் வாங்கியவர்கள் அரத்தோடு உட்கார்ந்து திட்டுவதும் உண்டு.

இதற்கிடையே காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. அறுபதாண்டுக்கு முன் தாத்தா ரம்பம் போட்ட ஸ்பிரிங்ஃபீல்டும் மவுசரும் பேரன் கைக்கு வந்திருக்கின்றன. சேகரிப்பவர்களிடம் அறுக்காத ராணுவத் துப்பாக்கிக்குத்தான் மதிப்பு. அறுத்தது பாதி விலைக்கும் போவதில்லை. வேட்டைக் கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பேரன் இப்போது வார இறுதிச் சந்தைகளில் மேசை மேசையாகக் குனிந்து தேடுவது, தாத்தா விறகாக்கிய அந்த நீளக் கட்டையையும் அதன் மேல்மூடியையும்தான். கிடைக்காதவர்களுக்கு நகல் செய்து தர ஆளிருக்கிறது, பிளாஞ்சர்டின் அதே முறையில், பழைய கட்டை ஒன்றை மாதிரியாக வைத்து.